தன் தப்பைத் தேடியவர்

தெய்வசிகாமணி அந்த ஆசிரமத்துக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட சாமிக்கு நாற்பத்தைந்து.

பொள்ளாச்சி சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில், ஓடு வேய்ந்த இரண்டு அறைகளும் ஒரு சமையல்கட்டும் கிணறும் சேர்ந்ததுதான் ஆசிரமம். மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் நின்று தண்ணீர் குடிப்பார்கள். அமாவாசையன்று சாப்பாடு உண்டு. சாமி குறி சொல்லமாட்டார், மந்திரித்துக் கயிறு கட்டமாட்டார். அதனால் கூட்டமும் சேரவில்லை.

சிகாமணி ஒரு ரெக்சின் பையோடு வந்து நின்றார். அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைப் பையைக் கீழே வைக்காமலேயே கேட்டார்.

"நான் எங்கே தப்புப் பண்ணினேன்னு எனக்குத் தெரியணுங்க சாமி."

சாமி முதலில் கைகால் கழுவிச் சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டார்.

இருபது வயதில் சிகாமணி ஒரு நூற்பாலையில் சேர்ந்திருக்கிறார். ஓடுகிற இயந்திரத்தில் அறுந்துபோகிற இழையை ஒட்டுகிற வேலை. எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். வேலை நிரந்தரமானதும் பெண் கொடுத்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் அவர் லீவு போட்ட நாட்களைத் தேதியோடு சொல்ல முடியும், அவ்வளவு குறைவு. இரைச்சலில் இடது காது போனது. அதன் பிறகு எல்லோரிடமும் கொஞ்சம் உரக்கவே பேசினார்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்குப் போனபோது கேட் பூட்டியிருந்தது. கம்பியில் ஒரு தாளைக் கட்டியிருந்தார்கள். யாரோ அதை உரக்கப் படித்தார்கள். ஒரு காலைத் தரையில் ஊன்றி, சைக்கிளில் உட்கார்ந்தபடியே சிகாமணி கேட்டார். பாதிதான் காதில் விழுந்தது. அருகில் நின்றவரிடம், இன்றைக்கு மட்டும்தானே என்று விசாரித்தார்.

சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த சேமநிதியை மில் பல வருடங்களாகக் கட்டவே இல்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. வழக்கு நடந்தது. அது முடிவதற்குள் மில் கொடுத்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. மனைவி பொன்னாத்தாளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. தீர்ப்பாகிக் கைக்கு வந்தது ஆஸ்பத்திரிக்கே போதவில்லை. அவள் வாடகை வீட்டில் செத்துப்போனாள்.

பிறகு திருப்பூரில் மகள் கோகிலவாணி வீட்டில் இருந்தார். மருமகன் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், நல்ல மனிதர். முகம் கோணியதில்லை, ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து, பசியில்லை என்று சொல்லி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். தனக்குப் போடுகிற சோறு யாருடையது என்று சிகாமணிக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. புரிந்த அன்று பையை எடுத்தார்.

"நான் குடிச்சதில்லைங்க. சீட்டாடினதில்லைங்க. ஒரு நாள் வேலைக்கு லேட்டாப் போனதில்லைங்க. ஒழுங்கா உழைச்சா கடைசி காலத்துல ஒரு குறையும் வராதுன்னுதான் எல்லோரும் சொன்னாங்க. அப்படி வரலைன்னா நான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கணுமில்லைங்க?"

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க அண்ணா?"

"மனசு ஆறுமுங்க."

சாமி வேறெதுவும் கேட்கவில்லை. இருக்கச் சொன்னார்.

சிகாமணி ஆசிரமத்திலும் மில்லில் இருந்தது போலவே இருந்தார். விடிவதற்குள் வாசலைக் கூட்டிவிடுவார். தண்ணீர் இறைப்பார், விறகு பிளப்பார், பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவார். ஒரு நாள் சாமி அவரைச் சும்மா உட்காரச் சொன்னார். சிகாமணி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் பார்த்தால் மடியில் வெங்காயத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தார்.

வேலை செய்கிற நேரமெல்லாம் அவர் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார். ஏதாவது தட்டுப்பட்டால் கையைத் துடைத்துக்கொண்டு சாமியிடம் போவார்.

முதலில் கொண்டுவந்தது ஒரு வேலைநிறுத்தம். சேர்ந்த இரண்டாம் வருடத்தில் எல்லோரோடும் சேர்ந்து பதினொரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்தாராம். அதனால்தான் மில் மூடியதா என்று சாமி கேட்டார். இல்லை, அது பெரிய முதலாளி காலத்தில், அதற்கப்புறம்தான் மில் இரண்டு மடங்கானது என்றார் சிகாமணி. சொன்னதும் அவருக்கே அது தப்பில்லை என்று தெரிந்துவிட்டது.

இன்னொரு முறை ஜேசுராஜைப் பற்றிச் சொன்னார். பக்கத்து இயந்திரத்தில் நின்றவர். வேலையை விட்டுவிட்டு இரண்டு பேருமாகச் சேர்ந்து தறி போடலாம் என்று கூப்பிட்டார். நிரந்தர வேலையை விட்டு வருவதா என்று சிகாமணி மறுத்துவிட்டார்.

"அன்னைக்கு நான் போயிருக்கணுங்க சாமி. பயந்துட்டேன். அதுதான் தப்பு."

"ஜேசுராஜ் இப்ப எப்படி இருக்கிறார்?"

தறி நாலே வருடத்தில் நொடித்துப்போனதையும், ஜேசுராஜ் குடும்பத்தோடு பாலக்காட்டுப் பக்கம் போனதையும், அதற்குப் பிறகு தகவலே இல்லை என்பதையும் சிகாமணி சொன்னார். சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போனார்.

கோகிலவாணி பிறந்த அன்று லீவு போடாமல் மில்லுக்குப் போனதை ஒரு நாள் சொன்னார். குழந்தை தலை மாறி இருந்ததாம். பொன்னாத்தாள் ஒரு பகலும் ஒரு இரவும் தனியாகத் துடித்திருக்கிறாள். அந்த மாதம் லீவே போடாதவர்களுக்கு மில்லில் ஒரு பித்தளைக் குடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"குடம் கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்க. அவ அதுல ஒரு நாள்கூடத் தண்ணி எடுக்கலைங்க."

இது தப்புதான் அண்ணா என்றார் சாமி. ஆனால் நீங்கள் தேடுகிற தப்பு இது இல்லை என்றும் சொன்னார்.

இப்படி ஒன்றரை வருடம் போனது.

தை மாதத்தில் ஒரு நாள் ஒரு கார் வந்து நின்றது. அரங்கநாதன் இறங்கினார். எழுபது வயது முடிந்ததற்காக மலைக்கோயிலில் பூஜை செய்துவிட்டு, ஆசிரமத்தில் அன்னதானம் செய்ய வந்திருந்தார். அரிசியும் பருப்பும் காலையிலேயே வந்து இறங்கி, சமைத்தும் ஆகிவிட்டது. யார் கொடுத்தது என்று சிகாமணி கேட்டிருக்கவில்லை.

மூடிப்போன மில்லின் முதலாளி அவர்தான்.

சிகாமணி சாம்பார் வாளியோடு பந்தியில் வந்துகொண்டிருந்தார். முதலாளியைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். கட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. அவிழ்க்கவும் முடியாமல் அப்படியே நின்றார். சாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

அரங்கநாதனுக்குப் பெயர் நினைவில்லை, முகம் மட்டும் தெரிந்தது. நம்ம மில்லா என்று கேட்டார். முப்பத்தொரு வருஷங்க என்றார் சிகாமணி. முதலாளிக்கு உண்மையாகவே சந்தோஷமாகிவிட்டது. உன்னைப் போல ஆட்களால்தான் அந்த மில் நடந்தது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சிகாமணிக்குக் கண் கலங்கியது.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது, மில்லை ஏன் மூடினீர்கள் என்று சாமி கேட்டார்.

முதலாளி ஒளிக்கவில்லை. பேசப் பிடித்தவர், சுவையாகச் சொன்னார். அப்பா கையிலிருந்து மில் தன் கைக்கு வந்ததும் வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வாங்கினாராம். அது நம் ஊர்ப் பஞ்சுக்கு ஒத்துவரவில்லை. வேண்டாம் என்று சொன்ன கணக்குப்பிள்ளையை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். பிறகு மச்சினன் பேச்சைக் கேட்டு மில் பணத்தை எடுத்து ஊட்டியில் ஓட்டல் கட்டப் போட்டார். ஓட்டலுக்கு வழியே இல்லை, பக்கத்து நிலத்துக்காரன் வேலி போட்டுவிட்டான். கடைசியில் விலை இன்னும் ஏறும் என்று நினைத்து உச்ச விலையில் ஒரு வருடத்துக்கு வேண்டிய பஞ்சை மொத்தமாக வாங்கிப் போட்டார். மறு மாதமே விலை இறங்கிவிட்டது.

"ஏழெட்டு வருஷம் நான் தொட்டதெல்லாம் தப்புதான் சாமி. என் முட்டாள்தனத்தை எழுதினா ஒரு புஸ்தகம் வரும்" என்று சொல்லிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

மில்லை மூடியபோது அவருக்குத் தூக்கமே போய்விட்டதாம். டாக்டர் சொன்னபடி மூன்று மாதம் குன்னூரில் இருந்தார். மில் இருந்த நிலம் நல்லவேளையாக மனைவி பெயரில் இருந்தது. அங்கேதான் இப்போது பொறியியல் கல்லூரி நடக்கிறது. கடவுள் கைவிடவில்லை என்றார். விடாமல் உழைத்தால் எவனும் எழுந்துவிடலாம், இந்தக் காலத்துப் பையன்களுக்குத்தான் உழைக்க உடம்பு வணங்குவதில்லை என்றார்.

ஆசிரமத்துக்கு ஒரு சாப்பாட்டுக்கூடம் கட்டித் தர விரும்புவதாகவும் சொன்னார்.

கூடம் கட்டுகிற பணத்தை மில்லில் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுக்கலாமே என்றார் சாமி. சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கோர்ட் சொன்னபடி கொடுத்தாகிவிட்டது என்று முதலாளி கோபப்படாமல் விளக்கினார்.

"அப்ப கூடம் வேண்டாங்க. இருக்கிற இடம் போதும்."

கூடம் வேண்டாம் என்று சொன்னாரே தவிர, அன்றைக்கு அவர் சாப்பிட்டிருந்ததும் முதலாளி கொடுத்த அரிசிதான்.

முதலாளி காரில் ஏறப் போகும்போது சிகாமணியை அருகில் கூப்பிட்டார். கல்லூரி கேட்டுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றும், தங்க ரூம் இருக்கிறது, மாதச் சம்பளம் உண்டு என்றும் சொன்னார். முதலாளி மனதில் எந்தக் கள்ளமும் இல்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தார்.

மறுநாள் வாசலைக் கூட்டி முடித்ததும் சிகாமணி சாமியின் முன்னால் வந்து நின்றார். போகட்டுமா என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை சாமி அதுவரை பார்த்ததில்லை. போகலாம் என்றோ வேண்டாம் என்றோ சாமி சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்து வந்து கொடுத்தார். கேட்டில் குளிரும் என்றார்.

போன பிறகுதான் சிகாமணிக்குத் தெரிந்தது, தான் கல்லூரியின் ஆள் இல்லை, ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு ஏஜென்சியின் ஆள் என்று. அதனால் என்ன என்று நினைத்துக்கொண்டார். காக்கிச் சட்டை, விசில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வருகிற வண்டிக்கெல்லாம் எழுந்து கதவைத் திறந்தார். அவர் முன்பு இழை ஒட்டிக்கொண்டு நடந்த இடம் கல்லூரிக்குள் எங்கே இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. எல்லாவற்றையும் இடித்துப் புல் போட்டிருந்தார்கள்.

மகளைப் போனில் கூப்பிட்டு வேலையில் இருப்பதாகச் சொன்னார். தீபாவளிக்குப் பேரனுக்குச் சட்டையும் மருமகனுக்கு வேட்டியும் எடுத்துக்கொண்டு போனார். அன்று மருமகன் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அந்த ஒரு நாளைத் தவிரப் பத்து மாதம் லீவே போடவில்லை. நடந்ததெல்லாம் பதினோராம் மாதத்தில்.

அதற்குள் சர்க்கரை வந்திருந்தது. அடிக்கடி ஒண்ணுக்குப் போக வேண்டியிருந்தது. கேட்டுக்குப் பக்கத்திலிருந்த கழிப்பறையைப் பூட்டிச் சாவியை ஆபீசில் வைத்திருந்தார்கள். வேலையாட்களுக்கு என்று இருந்தது கட்டடத்துக்குப் பின்னால். போய்வரப் பத்து நிமிடம். மாற்றிவிட ஆள் வரும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு ஆள் வரவில்லை. நனைந்தால் வேட்டியிலாவது மறைத்துக்கொள்ளலாம், காக்கி பேண்டில் முடியாது. கேட்டை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு ஓடினார்.

திரும்பி வந்தபோது வெளியே கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கல்லூரியைப் பார்வையிட வெளியூரிலிருந்து வந்த பெரிய ஆள் காரில் இருந்தார். பக்கத்தில் அரங்கநாதன். சிகாமணி பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, சல்யூட் வைத்தார். முதலாளி கண்ணாடியை இறக்கவில்லை.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். வயதாகிவிட்டது, இனி முடியாது என்றார். ஏஜென்சியிலிருந்து வேறு ஆள் வந்தாகிவிட்டது, விடிவதற்குள் ரூமைக் காலி செய்துவிட வேண்டும் என்றார். முதலாளியை ஒரு தடவை பார்க்கலாமா என்று சிகாமணி கேட்டார். ஐயா விருந்தாளியோடு இருக்கிறார் என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை சாமி முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சிகாமணி பையோடு உள்ளே வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் முகத்தில் துக்கம் இல்லை. ரொம்ப நாளாகத் தேடிய சாமான் கிடைத்துவிட்டவரைப் போல வந்து எதிரில் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது குரல் வழக்கத்தைவிட உரக்க இருந்தது.

"கடைசியில கிடைச்சிருச்சுங்க சாமி. கேட்டை விட்டுட்டுப் போனேன். அது என் தப்புதானுங்க. யாராலயும் இல்லைன்னு சொல்ல முடியாது."

"ஆமாங்க அண்ணா. அது உங்க தப்புதான்."

சிகாமணி தலையை ஆட்டினார். அவருக்கு ஆறுதலாக இருந்தது. சாமி ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, எவ்வளவு நேரம் என்று கேட்டார்.

"பத்து நிமிஷங்க."

"முதலாளி தப்புப் பண்ணினது?"

"ஏழெட்டு வருஷம்னு அவரே சொன்னாருங்களே."

சாமி முறத்தைக் கீழே வைத்தார்.

"அவர் தப்புக்கு வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனது யாருங்க அண்ணா?"

"நான்தானுங்க சாமி."

"உங்க தப்புக்கு?"

சிகாமணி பக்கத்தில் வைத்திருந்த பையைப் பார்த்தார். தன் நல்ல காதில்தான் அது விழுந்ததா என்று சந்தேகப்பட்டவரைப் போலச் சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.